ஒரு கவளத்தின் நரம்பியல்

சோற்றைப் பிசைகிறோம். நான்கு விரல்களால் கூட்டி, விரல் நுனிகளில் ஏந்தி, வாயருகே கொண்டுபோய்க் கட்டைவிரலால் உள்ளே தள்ளுகிறோம். ஒரு கவளம் முடிந்தது. சில நொடி வேலைதான். பேசிக்கொண்டே, பிள்ளையை அதட்டிக்கொண்டே, கை எங்கே போகிறது என்று பார்க்காமலே இதைச் செய்கிறோம்.

நான் நரம்பியலைப் படித்தது இந்தக் கவளத்தில்தான். பாடப்புத்தகம் இருந்தது. உடற்கூறியல் கூடத்தில் ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்க, கையில் ஏந்திப் பார்த்த மூளையும் இருந்தது. பன்னிரண்டு ஜோடி மூளை நரம்புகளின் பெயர்களையும், கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் பிரேக்கியல் பிளெக்சஸ் என்ற நரம்புப் பின்னலின் கிளைகளையும் விடுதி அறையில் இரவெல்லாம் எழுதி எழுதி மனப்பாடம் செய்தேன். ஆனால், அவையெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து எனக்குப் புரிந்தது, ஒரு நோயாளியின் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்த பிறகுதான்.

ஆக்குபேஷனல் தெரபி என்பது என் படிப்பு. தமிழில் செயல்வழிச் சிகிச்சை என்றும் தொழில்வழிச் சிகிச்சை என்றும் எழுதுகிறார்கள். பெயரைக் கேட்டதும் வேலை வாங்கித் தரும் துறை என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே ‘ஆக்குபேஷன்’ என்பது சம்பளத்துக்குச் செய்யும் வேலையோடு நிற்பதில்லை. பல் தேய்ப்பது, சட்டைப் பித்தான் போடுவது, கோலம் போடுவது, பேரப்பிள்ளைக்குத் தலை வாரிவிடுவது என்று ஒரு மனிதர் தன் நாளை எவற்றால் நிரப்புகிறாரோ அவை அத்தனையும் அதில் அடங்கும்.

நரம்பியல் மருத்துவர் நோயாளியைப் பார்த்ததும் கேட்கும் கேள்வி: பழுது எங்கே? மூளையிலா, தண்டுவடத்திலா, நரம்பிலா, தசையிலா? நாங்கள் அந்த விடையை வாங்கிக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்கிறோம்: அந்தப் பழுதால் இவருடைய எந்தச் செயல் நின்றது? அந்தச் செயலின் எந்தப் படியில் நின்றது? ஒரே கவளம், நோய்க்கு நோய் வேறு வேறு இடத்தில் உடையும். எங்கே உடைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் படிப்பின் சாரம்.

இலையிலிருந்து வாய் வரை

சோறு எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். கண் பார்த்ததை மூளையின் பின்பக்க மடல் வாங்குகிறது. அது எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை உச்சிப் பக்கத்திலுள்ள பரைட்டல் மடல் கணக்கிடுகிறது. கையை எப்படிக் குவிப்பது என்ற திட்டம் தயாராகிறது. பெரும்பாலோருக்கு இந்தத் திட்டம் இடப்பக்க மூளையில் இருக்கிறது. பிறகு மோட்டார் புறணியிலிருந்து கட்டளை கிளம்புகிறது. அந்த இழைகளில் பெரும்பகுதி, மூளை தண்டுவடத்தைத் தொடும் இடத்துக்குச் சற்று மேலே, முகுளத்தில், எதிர்ப்பக்கத்துக்குக் கடக்கிறது. இடப்பக்க மூளையில் அடைப்பு வந்தால் வலக்கை விழுவது இதனால்தான். கட்டளை கழுத்துத் தண்டுவடத்தில் இன்னொரு நரம்பணுவுக்குக் கைமாறி, அங்கிருந்து கைத்தசைக்கு நொடிக்கு ஏறத்தாழ ஐம்பது மீட்டர் வேகத்தில் இறங்குகிறது.

இது ஒருவழிப் பாதையும் அல்ல. சோறு சூடாக இருக்கிறதா, குழைந்திருக்கிறதா, விரலிடுக்கில் நழுவுகிறதா என்று விரல் நுனிகள் கணந்தோறும் மேலே சொல்லி அனுப்புகின்றன. சிறுமூளை குறியைச் சரிபார்க்கிறது. மூளையின் ஆழத்திலுள்ள பேசல் காங்லியா, அசைவைத் தொடங்கவும் அதன் அளவை நிர்ணயிக்கவும் உதவுகிறது.

மாண்ட்ரியலில் பணியாற்றிய வைல்டர் பென்ஃபீல்ட், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை அறுவை சிகிச்சையின்போது மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்த்து ஒரு வரைபடம் தயாரித்தார். 1937இல் போல்ட்ரி என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து அதை வெளியிட்டார். அதில் உடல் முழுவதற்கும் இடம் உண்டு. ஆனால் சமமாக இல்லை. முதுகுக்குச் சின்னத் துண்டு. கைக்கும் முகத்துக்கும் மிகப் பெரிய பரப்பு. அவை இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடுகளும்கூட. கவளம் புறப்படும் இடமும் போய்ச் சேரும் இடமும் மூளையில் அண்டைவீட்டுக்காரர்கள் என்று படித்த அன்று, நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தட்டைத் தள்ளிவிட்ட பெரியவர்

மூன்றாம் ஆண்டில் எனக்கு ஒரு மருத்துவமனையில் நரம்பியல் வார்டு. ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் சேர்க்கப்பட்டிருந்தார். இடப்பக்க மூளையில் அடைப்பு. வலக்கை, வலக்கால் விழுந்துவிட்டன; பேச்சும் போய்விட்டது. எது கேட்டாலும் “சரி சரி” என்று மட்டும் வரும். கோபம் வந்தாலும் “சரி சரி”தான்.

1861இல் பாரிஸில் பால் புரோக்கா பார்த்த நோயாளி ஒருவருக்கு “டான்” என்ற ஒரே ஒலிதான் வந்தது. அவர் இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்த புரோக்கா, இடப்பக்க முன்மடலில் பழுதைக் கண்டார். பேச்சை உண்டாக்கும் திறனுக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்பது அன்று நிலைபெற்றது. நான் தேர்வுக்காகப் படித்த அந்த வரி, கட்டிலில் “சரி சரி” என்று உட்கார்ந்திருந்தது. இப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் நாம் சொல்வதைப் புரிந்துகொள்வார்கள். பதில்தான் வெளியே வராது.

அவர் பாதுகாப்பாக விழுங்குகிறார் என்று பரிசோதித்து உறுதி செய்திருந்தார்கள். எனக்குக் கொடுத்த வேலை, அவரைத் தானாகச் சாப்பிடப் பழக்குவது. நல்ல கை இடக்கை. தட்டு நகராமலிருக்க அடியில் ஈரத்துணி விரித்தேன். குழைந்த ரசம் சாதத்தை வைத்து, “ஐயா, இந்தக் கையால எடுத்துச் சாப்பிடுங்க” என்று இடக்கையைத் தட்டில் வைத்தேன். கையை இழுத்துக்கொண்டார். மறுபடி வைத்தேன். தட்டைத் தள்ளிவிட்டார். மூன்று வேளை இதேதான் நடந்தது. நான் கேஸ் ஷீட்டில் எழுதினேன்: பயிற்சிக்கு ஒத்துழைக்கவில்லை.

மறுநாள் அவர் மனைவி என்னைத் தனியே அழைத்தார். “பாப்பா, அவரு சோத்துல இடது கைய வெச்சதே இல்ல. பேரன் வெச்சாலே ‘அது எந்தக் கைடா’ன்னு அதட்டுவாரு. வார்டுல நாலு பேரு பாக்க எப்படிம்மா சாப்பிடுவாரு?”

அவர் மூளையிலிருந்த அடைப்பின் இடம், அளவு, எந்த ரத்தக்குழாய் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வலக்கை விழுந்தவருக்குப் பல நேரம் பேச்சும் சேர்ந்தே விழுகிறது. இரண்டும் இடப்பக்க மூளையின் பொறுப்பு. ஆகவே, சாப்பிடும் கையை இழந்தவருக்கே அந்த அவமானத்தை எடுத்துச் சொல்லும் வாயும் இல்லாமல் போகிறது. அதை அவர் சார்பில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது என் வேலை. கேஸ் ஷீட்டில் அந்த வரியை அடித்துவிட்டேன்.

எங்களுக்குப் பயிற்சி தந்த மேடம் திட்டத்தையே மாற்றினார். இடக்கை சோற்றைத் தொட வேண்டாம். வீட்டிலிருந்து அவருடைய கரண்டியைக் கொண்டுவரச் சொன்னார். கரண்டியை இடக்கையில் பிடிக்க அவர் மறுக்கவில்லை. வலக்கையைச் சும்மா மடியில் கிடக்க விடாமல், தட்டின் விளிம்பைப் பிடித்தபடி மேசைமேல் வைத்தோம். அது எதுவும் செய்யாவிட்டாலும் சாப்பாட்டில் பங்கேற்கட்டும். ஒவ்வொரு வேளையும் முதல் இரண்டு கவளம் வலக்கைக்கு: மனைவி உருட்டி உள்ளங்கையில் வைப்பார், முழங்கை மேசையில் ஊன்றியிருக்கும், நான் அவருடைய முன்கையைத் தாங்கி, அவர் முயலும் வரை காத்திருந்து, முயற்சி வந்ததும் கூடவே போவேன். இழுத்துச் செல்லக் கூடாது, கூடப் போக வேண்டும். அந்த வித்தியாசத்தைக் கை பழக எனக்குப் பல நாள் ஆயிற்று.

ஓய்ந்த கை மறந்துபோகும்

பெரிய ரத்தக்குழாய் அடைபட்ட ஸ்ட்ரோக்கில், அதாவது பக்கவாதத்தில், சிகிச்சை கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006இல் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். மனித மூளையில் மொத்தம் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். இறந்தவை திரும்புவதில்லை. பிறகு எப்படிக் கை திரும்புகிறது? எஞ்சியிருக்கும் நரம்பணுக்கள் தங்களுக்குள் இணைப்புகளை மாற்றிக்கொள்கின்றன; பக்கத்திலுள்ள பகுதிகள் விட்டுப்போன வேலையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. இதை நெகிழ்திறன் என்கிறோம். பயன்படுத்தும் கைக்கே அது வேலை செய்கிறது.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் குரங்குகளிடம் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஒரு கையின் உணர்வு நரம்புகளைத் துண்டித்ததும் குரங்கு அந்தக் கையை உபயோகிப்பதை நிறுத்திவிட்டது. தசைக்குக் கட்டளை கொண்டுசெல்லும் நரம்புகள் நன்றாகவே இருந்தன. முயன்று முயன்று தோற்றதால், முயல்வதையே விட்டுவிடக் கற்றுக்கொண்டது. நல்ல கையைக் கட்டிப்போட்டபோது அதே ‘செத்த’ கை உணவை எடுத்தது. இதிலிருந்து பிறந்தது, நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு விழுந்த கையைத் தினமும் பல மணி நேரம் வேலை வாங்கும் பயிற்சி. 222 ஸ்ட்ரோக் நோயாளிகளிடம் இரண்டு வாரம் இதைச் செய்து பார்த்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. கை உபயோகம் கூடியது. அந்த முன்னேற்றம் ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்தது. மணிக்கட்டையும் விரலையும் சிறிதளவாவது நிமிர்த்த முடிந்தவர்களுக்கே இந்தப் பயிற்சி பொருந்தும். ஆனால் அதன் அடிப்படை எல்லோருக்கும் உரியது: ஓரங்கட்டிய கை, மூளையிலும் ஓரங்கட்டப்படுகிறது.

இதையே எல்லா நோய்க்கும் நீட்டிவிடக் கூடாது. கீயான்-பாரே நோயில் உடலின் எதிர்ப்பாற்றலே நரம்பின் மேலுறையைத் தாக்குகிறது; காலில் தொடங்கிய பலவீனம் கைக்கு ஏறுகிறது. பெரும்பாலோர் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தேறுகிறார்கள். அங்கே களைப்பு வருமுன் பயிற்சியை நிறுத்துவதே பாடம். “இன்னும் பத்து தடவை” என்று ஸ்ட்ரோக் நோயாளியை ஊக்கப்படுத்தும் அதே வார்த்தை, அடுத்த கட்டிலில் இருப்பவருக்குக் கெடுதலாக முடியும். நோயைப் படிக்காமல் செயலை மட்டும் பயிற்றுவிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இலையில் உப்பு இல்லை

வலப்பக்க மூளையில் அடைப்பு வந்தவரின் கவளம் வேறிடத்தில் உடையும். இவருக்குச் சாப்பிடும் வலக்கை நன்றாக இருக்கிறது, பேச்சு இருக்கிறது. குடும்பத்தார் “பெரிய பாதிப்பு இல்லை” என்று நிம்மதியாக இருப்பார்கள். சாப்பாடு போட்டால் தட்டின் வலப்பாதியைச் சுத்தமாகச் சாப்பிட்டுவிட்டு, “இன்னும் கொஞ்சம் போடு” என்பார். இடப்பாதியில் சோறு அப்படியே இருக்கும்.

வாழையிலையில் சாப்பிடுகிறவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். இலை நுனி நமக்கு இடப்பக்கம் வரும்படி போடுகிறோம். உப்பும் ஊறுகாயும் அந்தப் பக்கத்தில் வைக்கிறோம். இந்த நோயாளி “உப்பு வைக்கலையே” என்று மருமகளைக் கோபித்துக்கொள்வார். உப்பு அங்கேதான் இருக்கிறது. கண்ணும் பார்க்கிறது. ஆனால் அவருடைய மூளைக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதாகவே தோன்றுவதில்லை. இதை இடப்பக்கப் புறக்கணிப்பு என்கிறோம். முகத்தில் வலப்பாதியை மட்டும் சவரம் செய்வார். சட்டையின் இடக்கையை மாட்டாமலே எழுந்துவிடுவார். கடிகாரம் வரையச் சொன்னால் பன்னிரண்டு எண்களையும் வலப்பாதியில் நெருக்கி அடைத்துவிடுவார்.

1978இல் இத்தாலிய ஆய்வாளர்கள் பிசியாக், லுட்ஸாட்டி இருவரும், இப்படிப்பட்ட நோயாளிகளிடம் மிலான் நகரப் பேராலயச் சதுக்கத்தைக் கற்பனையில் பார்த்து விவரிக்கச் சொன்னார்கள். பேராலயத்தைப் பார்த்தபடி நிற்பதாக நினைத்தபோது, வலப்பக்கக் கட்டடங்களைச் சொன்னார்கள், இடப்பக்கத்தை விட்டுவிட்டார்கள். அடுத்து, பேராலயத்தின் வாசலில் நின்று எதிர்த்திசையில் பார்ப்பதாக நினைக்கச் சொன்னபோது, சற்றுமுன் விட்டுவிட்ட அதே கட்டடங்களை வரிசையாகச் சொன்னார்கள். அவை இப்போது வலப்பக்கம் வந்துவிட்டன. நினைவு முழுதாக இருக்கிறது. அதில் பாதியைத் திரும்பிப் பார்க்கத்தான் முடியவில்லை.

எங்கள் சிகிச்சை எளிமையானதாகத் தோன்றும். தட்டின் இடவிளிம்பில் சிவப்பு நாடா ஒட்டுகிறோம். “சிவப்பு தெரிகிற வரைக்கும் திரும்புங்க, அப்புறம் எடுங்க” என்று ஒவ்வொரு கவளத்துக்கும் சொல்கிறோம். வீட்டார் இடப்பக்கம் உட்கார்ந்து, இடக்கையைத் தொட்டுப் பேசச் சொல்கிறோம். “அவரு வேணும்னே கண்டுக்க மாட்டேங்கிறாரு” என்று வருந்திய மனைவிக்கு, இது மூளையின் வேலை, மனத்தின் வேலை அல்ல என்று சொல்லிப் புரியவைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி. அடுப்பின் இடப்பக்க பர்னர் எரிவதைக் கவனிக்காமல் போவதும், சாலையில் இடப்பக்கம் வரும் வண்டி தெரியாமல் போவதும் உயிருக்கே ஆபத்து என்பதால், கை கால் வலுவாக இருந்தாலும் இவரைத் தனியே வெளியே அனுப்ப நாங்கள் அவசரப்படுவதில்லை.

ஒரே புகார், இரண்டு நோய்

“கை நடுங்குதுங்க, சாப்பிட முடியல.” இந்தப் புகாரோடு வருபவரை நாற்காலியில் உட்காரவைத்து, கையை மடியில் சும்மா வைக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். பிறகு, தன் மூக்கையும் என் விரலையும் மாறி மாறித் தொடச் சொல்ல வேண்டும்.

மடியில் சும்மா இருக்கும்போது, மாத்திரையை உருட்டுவதுபோல நடுங்கி, கையை நீட்டியதும் அடங்குகிறதா? பார்க்கின்சன் நோயாக இருக்கலாம். சும்மா இருக்கும்போது அமைதியாக இருந்து, இலக்கை நெருங்க நெருங்க ஆட்டம் கூடுகிறதா? சிறுமூளையை நினைக்க வேண்டும். இரண்டாமவரின் கவளம் வாயருகே வந்து சிதறும். முதலாமவருக்கு நடுக்கத்தைவிடப் பெரிய சிக்கல் மந்தம். கை தட்டிலேயே நிற்கும், கிளம்பாது. கிளம்பினாலும் அசைவு சிறுத்துப்போய், பாதி வழியில் ஓய்ந்துவிடும்.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயை 1817இல் விவரித்தார். மூளைத்தண்டின் மேற்பகுதியில் கறுத்த நிறத்தில் இருக்கும் நரம்பணுக்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அவை அழிவதே காரணம் என்பது 20ஆம் நூற்றாண்டில் தெளிவாயிற்று. இழந்த டோபமைனை ஈடுகட்டும் லெவோடோபா மாத்திரைதான் இன்றும் முதன்மை மருந்து. புரத உணவும் லெவோடோபாவும் குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் போக ஒரே வாசலுக்குப் போட்டியிடுகின்றன. அதனால் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பே எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். மருந்து வேலை செய்யும் நேரம் எது, அடங்கும் நேரம் எது என்று நோயாளியிடம் ஒரு வாரம் குறித்துவைக்கச் சொல்லி, குளியலையும் சாப்பாட்டையும் நல்ல நேரத்தில் அமைத்துத் தருவது எங்கள் பங்கு. சிறுமூளை நோயாளிக்கு இந்த அட்டவணையால் பயனில்லை. அவருக்கு மேசையின் உயரத்தைக் கூட்டி, முழங்கையை ஊன்றவைத்து, விளிம்பு உயர்ந்த தட்டு கொடுக்க வேண்டும். புகார் ஒன்று, உடையும் படி வேறு, தீர்வும் வேறு.

அறிவு முழுதாக இருந்து, கை வலுவும் இருந்து, செய்யத் தெரியாமல் போகும் நிலையும் உண்டு. ஏப்ராக்சியா என்று பெயர். “கும்பிட்டுக் காட்டுங்க” என்றால் அவர் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் திகைப்பார். சற்று நேரத்தில் பெரிய டாக்டர் உள்ளே வந்ததும் அதே கைகள் தாமாகக் குவியும். கட்டளைக்கு வராத செயல், இடம் பொருளோடு வருகிறது. ஆகவே பயிற்சியறையில் வெறும் கையால் “சாப்பிடுவதுபோல் செய்யுங்கள்” என்று கேட்பதில் அர்த்தமில்லை. பசி வேளையில், பழகிய தட்டில், மணக்கும் சோற்றோடு பயிற்சி தர வேண்டும்.

மணிக்கட்டில் ஒளிந்திருக்கும் பிடி

இதைப் படிக்கும் நீங்கள் ஒரு நிமிடம் புத்தகத்தை வைத்துவிட்டுச் செய்து பாருங்கள். முழங்கையை மேசையில் ஊன்றி, முன்கையை நிமிர்த்துங்கள். விரல்களைத் தளர விட்டு, மணிக்கட்டை முன்பக்கமாகத் தொங்கவிடுங்கள். விரல்கள் தாமாக விரியும். இப்போது மணிக்கட்டை மெல்லப் பின்பக்கம் மடக்குங்கள். விரல்கள் உள்நோக்கி மடியும். கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கம் வந்து ஒட்டும். நீங்கள் விரலை அசைக்கவில்லை. முன்கையிலிருந்து மணிக்கட்டைத் தாண்டிப்போகும் தசைநாண்கள், மணிக்கட்டு பின்பக்கம் மடங்கும்போது இழுபட்டு விரல்களை மூடுகின்றன. இதற்கு டெனோடெசிஸ் என்று பெயர்.

மரத்திலிருந்து விழுந்தோ சாலை விபத்திலோ கழுத்துத் தண்டுவடம் அறுபட்டவரின் கைக்கு இது உயிர்நாடி. கழுத்தின் ஐந்தாம் நரம்பு வரை மிஞ்சினால் முழங்கையை மடக்கலாம். ஆறாவதும் மிஞ்சினால் மணிக்கட்டை உயர்த்தலாம். விரலை மடக்கும் எட்டாவது போய்விட்டது. ஆனால் மணிக்கட்டை உயர்த்த முடிந்தால், மேலே சொன்ன வழியில் ஒரு பிடி கிடைக்கிறது. அந்தப் பிடியில் ஒரு பேனா நிற்கும், ஒரு இட்லித் துண்டு நிற்கும்.

அந்தப் பிடி கிடைப்பது தசைநாண்கள் சற்று இறுக்கமாக இருப்பதால்தான். அக்கறையுள்ள உறவினர் ஒருவர், மணிக்கட்டையும் விரல்களையும் சேர்த்து நேராக நீவி நீவி விட்டால் அந்த இறுக்கம் போய்விடும். அதோடு பிடியும் போய்விடும். ஆகவே முதல் வாரத்திலேயே வீட்டாரை உட்காரவைத்துச் சொல்லித்தருகிறோம்: விரலை நீட்டும்போது மணிக்கட்டு முன்னால் தொங்கட்டும்; மணிக்கட்டைப் பின்னால் மடக்கும்போது விரல்கள் மடங்கியே இருக்கட்டும். ஒரு அங்குல இறுக்கத்தில் ஒரு மனிதரின் சுயமான சாப்பாடு அடங்கியிருக்கிறது.

கையையும் தண்டுவடத்தையும் பற்றிப் பேசும்போது வேலூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1940களின் இறுதியிலிருந்து அங்குள்ள மருத்துவமனையில் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார். விரல்கள் குறைந்துபோவது நோய் அரிப்பதால் மட்டும் அல்ல, உணர்வில்லாத கை சூடும் காயமும் தெரியாமல் தன்னையே சேதப்படுத்திக்கொள்வதால் என்று காட்டினார். அதே மருத்துவமனையின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் ஒரு வாகன விபத்தில் தண்டுவடம் முறிந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. நடக்க முடியாத ஒருவர் எத்தனையோ பேருக்குக் கை கொடுத்திருக்கிறார். எங்கள் துறையின் பொருளை மாணவர்களுக்கு விளக்க எனக்கு வேறு உதாரணம் தேவைப்பட்டதில்லை.

இந்தத் துறையின் தொடக்கத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறார். 1917இல் அமெரிக்காவின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் ஊரில் கூடி ஆக்குபேஷனல் தெரபிக்கான முதல் சங்கத்தை அமைத்தவர்களில் ஜார்ஜ் பார்ட்டன் ஒரு கட்டடக் கலைஞர். காசநோயும், பாதத்தில் அறுவையும், இடப்பக்கச் செயலிழப்பும் அவரை வாட்டியிருந்தன. தோட்ட வேலையும் மரவேலையும் செய்து தேறிய அனுபவமே அவரை இந்தப் பக்கம் திருப்பியது. இந்தியாவில் இதற்கான முதல் பள்ளியை, அமெரிக்காவில் பிறந்து நம் நாட்டு மருமகளான கமலா நிம்ப்கர் 1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கினார்.

முதல் கேள்வி

நடத்துநர் ஐயா பல வாரம் பயிற்சிக்கு வந்தார். விரல்கள் முழுவதும் திரும்பவில்லை. ஆனால் தோளும் முழங்கையும் மெல்ல உயிர்பெற்றன. ஒருநாள், மனைவி உருட்டி வைத்த தயிர்சாதக் கவளத்தை, முழங்கையை மேசையில் ஊன்றி, என் கை தொடாமல் வாய்க்குக் கொண்டுபோனார். பாதி மேசையில் சிந்தியது. மறுபடியும் கையை நீட்டினார். நான்கு கவளம். மிச்சத்தை இடக்கைக் கரண்டியால் சாப்பிட்டு முடித்தார். “சரி சரி” என்றார். அதற்கு என்ன பொருள் என்று அன்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நரம்பியல் படிக்க வரும் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மூளையின் வரைபடத்தை அச்சுப் பிசகாமல் படியுங்கள். அதில் சமரசம் வேண்டாம். படித்துவிட்டு, சாப்பாட்டு வேளையில் வார்டுக்குப் போய் உட்காருங்கள். பரிசோதனை மேசையில் தெரியாதது தட்டில் தெரியும்.

வீட்டில் பக்கவாதம் வந்தவரை வைத்திருப்பவர்களுக்கும் சில வார்த்தைகள். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தளர்ந்த தோள்மூட்டு இறங்கிவிடும். சட்டை போடும்போது பாதித்த கையை முதலில் நுழையுங்கள். கழற்றும்போது அதைக் கடைசியாக எடுங்கள். நிமிர்ந்து உட்காரவைத்து மட்டுமே உணவு கொடுங்கள். புரையேறினாலோ குரல் கரகரத்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். திடீரென்று முகம் கோணினால், கை தொய்ந்தால், பேச்சு குழறினால் கை வைத்தியம் பார்த்து நேரம் கடத்தாதீர்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லுங்கள்.

பிறகு, அவர் தேறிவரும் நாட்களில், “கைய அசைங்க பாப்போம்” என்று கேட்பதற்கு முன், “இந்தக் கையால முதல்ல என்ன செய்யணும்னு இருக்கு?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலிலிருந்துதான் சிகிச்சை தொடங்குகிறது.